தெற்கே ஓடிய மோட்டார்

நிற்கிற படங்களோடு எனக்குப் பகை. வருஷப் பிறப்புக்கு ஜவுளிக்கடையில் கொடுக்கிற படத்தில் ராஜாவும் ராணியும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தால், அவர்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிடுவேன். நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இது என்ன அடம் என்று கேட்பவர்கள் உண்டு. அடம்தான். தாள் தட்டையானது, அதில் இருப்பது இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று அந்தக் காலத்தில் எனக்கு எத்தனையோ பேர் எடுத்துச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமல் செய்த ஒரு காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகாயுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலி டவுணில், ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. நான் வீட்டில் இருந்தபடி அதே அச்சகத்துக்குப் படக்கட்டை செதுக்கினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் பூத்தையல் படித்த கை. ஊசியை வைத்துவிட்டு உளியை எடுத்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைகிறவர்களிடமிருந்து மஞ்சக்கடம்புக் கட்டை வரும். அதை ஈய எழுத்தின் உயரத்துக்கு அறுத்து இழைத்து, படத்தை இடவலம் மாற்றி வரைந்து, தாளில் வெள்ளையாக விழ வேண்டிய இடத்தையெல்லாம் தோண்டி எறிய வேண்டும். மிஞ்சுகிற மேடு மையை வாங்கும். செதுக்கி முடித்த கட்டை, வீட்டுக்காரரின் சோற்றுத் தூக்கோடு சேர்ந்து பாலம் கடக்கும். டவுணில் பாதிப் பேருக்கு அவர்தான் செதுக்குகிறார் என்று நினைப்பு. அச்சக முதலாளிக்கு மட்டும் உண்மை தெரியும். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம்.

சுருட்டுக் கட்டுக்கு ஒரு சிங்கம், நாடகக் கொட்டகைக்கு ஒரு ராஜா, மருந்துப் பாட்டிலுக்கு ஒரு வைத்தியர். எல்லாரும் நின்றார்கள். எல்லாரும் தாளின் நட்டநடுவில் நின்றார்கள். சுற்றிலும் பித்தளைக் கோட்டால் ஒரு கட்டம், நான்கு மூலையிலும் நான்கு பூ. அண்ணாச்சிக்கு அதுதான் அழகு.

ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்காரர் சொன்னார்:

"ஏட்டி, ஒரு மோட்டாரு வரையணும்."

"நிக்குத மோட்டாரா, ஓடுத மோட்டாரா?"

"அதென்ன கேள்வி? மோட்டாருன்னா ஓடும்லா."

"ரோட்டுல ஓடும். தாள்ல ஓடணுமான்னு கேக்கேன்."

சேரன்மகாதேவியில் நெல் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி, டவுணுக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையே மோட்டார் விடப் போகிறாராம். ஜனங்களுக்கு அதன் மேல் பயம். மாட்டுவண்டியில் அரை நாள் போகிற தூரத்தை அது ஒரு மூச்சில் ஓடிவிடும் என்று படத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். டவுணில் ஒட்ட நோட்டீஸ் வேண்டுமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் தயங்கினார்.

"அண்ணாச்சி இன்னொண்ணும் சொன்னாரு. மெட்ராஸ்ல ஈயத்துல அடிச்ச படக்கட்டையே விக்கானாம். புஸ்தகத்துல பாத்து நம்பர எழுதிப் போட்டா ரயில்ல வந்துருமாம். இது சரியா வரலேன்னா இனிமே அங்கருந்தே வரவழைச்சுக்கிடலாம்ங்காரு."

கையில் இருந்த உளியை நான் கீழே வைக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆறு நாள் அடுப்படி, ஏழாம் நாள் எங்கள் கிறிஸ்தவக் கோவிலில் ஆராதனை. இவற்றுக்கு இடையில் என் கை எனக்கே சொந்தமாக இருந்த நேரம் அந்தக் கட்டையோடு இருந்த நேரம் ஒன்றுதான். அதை மெட்ராஸில் எவனோ ஒருவனுடைய புஸ்தகத்துக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மறுநாள் நானும் பாலம் கடந்தேன். டவுணுக்கு வெளியே ஒரு கொட்டகையில், கப்பலில் வந்த இயந்திரத்தின் மேல் ஆசாரிகள் மரக்கூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இரண்டு பித்தளை விளக்கு. பக்கத்தில் ரப்பர் உருண்டை வைத்த ஊதுகுழல். நான் சக்கரத்தைச் சாணால் அளந்தேன், ஆரக்கால்களை எண்ணினேன். வீட்டுக்கு வந்து, ஓர் ஆரக்கால் குறையாமல், பக்கவாட்டில், நட்டநடுவில், அச்சு அசல் மோட்டாரைச் செதுக்கிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

புரூப் போட்டு நெல் முதலாளிக்குக் காட்டிவிட்டு வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றுத் தூக்கை வைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

"சிரிச்சு?"

"'மாட்ட அவுத்துத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போயிருக்கானுவளாவே'ன்னு கேட்டாரு. வேணும்னா முன்னால ரெண்டு குதிரயப் போட்டுரச் சொல்லுதாரு."

கோபம் வந்தது. அன்றைக்கு நான் ஆக்கிய குழம்பில் உப்பே இல்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் கோபம் ஆறியபோது அந்த மனிதர் சொன்னது சரி என்று பட்டது. தாமிரபரணிப் பக்கத்தில் வண்டி என்றால் மாடு. படத்தில் மாட்டுக் கால் மடங்கியிருந்தால் வண்டி ஓடுகிறது. நான்கு காலும் ஊன்றியிருந்தால் நிற்கிறது. மாடே இல்லையென்றால் அது அவிழ்த்துப் போட்ட வண்டி. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். எத்தனையோ தலைமுறையாக ஓட்டத்தைக் காலில் பார்த்துப் பழகிய கண்கள். நானோ கால் இல்லாத ஒன்றைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்து, ஓடுகிறது, நம்புங்கள் என்கிறேன். எதற்காக நம்ப வேண்டும்?

குதிரை போட மாட்டேன் என்று மட்டும் தீர்மானித்தேன்.

மறுநாள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனேன். துவைக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தண்ணீரையே பார்த்தேன். ஆறு ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரிகிறது? தண்ணீரை உற்றுப் பார்த்தால் அது பளபளவென்று ஒரே இடத்தில் கிடக்கிறது. ஆனால் நாணல் ஒரே பக்கமாகத் தலை சாய்த்திருக்கிறது. மீன் வலை கட்ட நட்ட கழியின் முன்னால் தண்ணீர் ஏறியும் பின்னால் பள்ளம் விழுந்தும் இருக்கிறது. என் சேலை நுனி என்னை விட்டுக் கிழக்கே போகப் பார்க்கிறது. கரையில் காற்றுக்கு எதிராக நடந்த ஒரு காகத்தின் முதுகுச் சிறகு பிரிந்து தூக்கிக்கொண்டு நின்றது. காற்றை நான் அந்தக் காகத்தின் முதுகில் பார்த்தேன். ஓடுகிறது எதுவும் தன் ஓட்டத்தைத் தானே சொல்வதில்லை. அது தொட்டு, தள்ளி, கலைத்துவிட்டுப் போனவை சொல்கின்றன. ஆகவே மோட்டாரை வரைந்தது போதும், மோட்டார் கலைத்ததை வரைவோம் என்று, துவைக்காத துணியோடு வீட்டுக்கு ஓடினேன்.

புதுக் கட்டை. இந்தத் தடவை மோட்டார் நடுவில் இல்லை. தாளின் இடப்பக்க ஓரத்தில் இருந்தது. வலப்பக்கம் பாதித் தாள் வெறுமை. ரோடு கீழே இடது மூலையிலிருந்து மேல் நோக்கிச் சரிந்து ஏறியது. சக்கரத்தில் ஆரக்கால்களையெல்லாம் தோண்டி எறிந்துவிட்டு மூன்று வளைந்த கீற்றுகளை மட்டும் வைத்தேன். பின்னால் மூன்று பனை. முதல் பனை முழுசாக, அடுத்தது பாதியாக, மூன்றாவது வெறும் கோடாக. சன்னலில் ஒரு பிரயாணியின் துண்டு அவன் தோளை விட்டுப் பறந்து, கட்டத்தையும் தாண்டி, தாளின் ஓரத்துக்கே போய்விட்டது. அவன் பிடிக்கக் கை நீட்டுகிறான். எட்டவில்லை.

வீட்டுக்காரர் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"சக்கரம் கோழி முட்ட மாதிரி முன்னால சாஞ்சிருக்கு. சக்கரம்னா வட்டமாத்தானடி இருக்கும்?"

"நின்னா வட்டம்."

"ரோடு வேற சரிவா இருக்கு. வண்டி குடசாயுத மாதிரில்லா தெரியுது."

"மேட்டுல ஏறுது. மாடு இல்லாம ஏறுதுன்னு தெரியட்டும்."

"இந்தத் துண்டு கட்டத்துக்கு வெளிய போயிருக்கு. அப்ப பித்தளக் கோட்ட வெட்டணுமே."

"வெட்டுங்க."

"கட்டத்த வெட்டணுமா?" அவர் குரல் தாழ்ந்துவிட்டது. பதினைந்து வருஷமாக ஒவ்வொரு நோட்டீஸையும் நான்கு கோட்டுக்குள் அடைத்தவர் அவர். "கட்டம் இல்லாட்டா படம் வெளிய வந்துராதா?"

"அதுக்குத்தானே வெட்டச் சொல்லுதேன்."

இன்னொன்றும் கேட்டேன். மேலே வருகிற 'மோட்டார் வண்டி' என்கிற பெரிய எழுத்து, ரோட்டைப் போலவே சரிவாக ஏற வேண்டும். அதற்கு அவர் எழுந்தே போய்விட்டார். ஈய எழுத்துகளை இரும்புச் சட்டத்துக்குள் நேராக அடுக்கி இறுக்கினால்தான் அவை நிற்கும். சரித்து வைத்தால் இரண்டு பக்கமும் முக்கோணமாக இடைவெளி விழும். அச்சு இழுக்கும்போது எழுத்து பொலபொலவென்று கொட்டிவிடும். கோத்தவன் மானம் போய்விடும். எனக்கு அது தெரியும். அதனால்தான் அவர் திண்டாடிக்கொண்டிருக்கும்போதே அந்த இடைவெளிகளுக்குச் சரியாகப் பொருந்துகிற இரண்டு முக்கோணக் கட்டைகளைக் கடம்பிலேயே சீவி வைத்திருந்தேன். காலையில் சோற்றுத் தூக்குக்குள் போட்டு அனுப்பினேன். எழுத்து கொட்டவில்லை.

அண்ணாச்சிக்கு அந்த வெறுமைதான் பொறுக்கவில்லையாம். "தாள்ல பாதி சும்மா கெடக்கே. ஒரு பூவாது வைக்கப்பிடாதாவே?" என்று கேட்டாராம். அண்ணாச்சி எதிரில் ஒரு நாளும் வாய் திறக்காத என் வீட்டுக்காரர், "அது வண்டி போறதுக்கு எடம், அண்ணாச்சி" என்றாராம். இதை அவர் எனக்குச் சொன்னபோது அவர் காது சிவந்திருந்தது.

ரோஸ் தாளில் நோட்டீஸ் அச்சாகிப் போயிற்று. நெல் முதலாளி புரூப்பைப் பார்த்து, "இது கெளம்பிட்டுவே" என்று மட்டும் சொன்னதாகக் கேள்வி. எனக்கு அது போதும். அவருடைய வண்டிக்காரனே பசையை எடுத்துக்கொண்டு போய் டவுண் ரத வீதி ஒன்றில் இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாக ஒட்டினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். மத்தியானத்தில் அவர் வந்ததே கிடையாது.

"கெளம்பு. அண்ணாச்சி ஒன்னக் கூப்பிடுதாரு. நெல்லு மொதலாளியும் இருக்காரு."

அச்சகத்துக்குள் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. மை நாற்றம், எண்ணெய் நாற்றம். நெல் முதலாளி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். கையில் சுவரிலிருந்து பிய்த்து வந்த என் நோட்டீஸ்.

"நீயாம்மா இதச் செதுக்கினது?"

"ஆமா."

"வேதக்காரப் பிள்ளையோ, கிறிஸ்தவமோ?"

"ஆமா."

"அதாம் பாத்தேன். ஒங்க வேதத்துல தெக்கு வடக்கு கெடையாதோ?"

எனக்கு விளங்கவில்லை. அண்ணாச்சிதான் விளக்கினார். அந்த ரத வீதி வடக்குத் தெற்காகப் போகிறது. மோட்டார் நிற்பது வீதியின் வடக்கு முனையில், அரசமரத்தடியில். வீதியின் மேற்குப் பக்கச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து நின்றால் நம் வலக்கை வடக்கு, வலப்பக்கம் பார்த்த மோட்டார் வடக்கே ஓடும், ஒன்றும் மோசமில்லை. ஆனால் கிழக்குப் பக்கச் சுவரைப் பார்த்து நின்றால் வலக்கை தெற்கு. அங்கே ஒட்டிய அத்தனை மோட்டாரும் தெற்கே ஓடின. தெற்கு எமனுடைய திக்கு.

"எமன் வீட்டுக்கு வண்டி விட்டிருக்கேனாம்மா நான்," என்றார் முதலாளி. "ஒரு பய கரிக்கட்டய எடுத்து, 'போக மட்டும் டிக்கட், திரும்பக் கெடையாது'ன்னு என் நோட்டீஸ் மேலயே எழுதி வச்சிருக்கான். வீதியே நின்னு சிரிக்கி. காலைல வண்டில நானும் டிரைவரும் மட்டும் போனோம். மாப்பிள்ள ஊர்கோலம் மாதிரி."

அண்ணாச்சி மேஜை மேல் இருந்த ஒரு கடுதாசியைத் தொட்டுக் காட்டினார். "மெட்ராஸுக்கு எழுதி வச்சிட்டேன், தங்கச்சி. அவன் புஸ்தகத்துல நிக்குத மோட்டாரு ஒண்ணு இருக்கு. அது எந்தத் தெசயிலயும் போகாது. நமக்கு வம்பு வேண்டாம்."

முதலில் எனக்கு வெட்கம்தான் வந்தது. தப்பு என்னுடையது. தாளுக்குள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நாள்கணக்காக யோசித்தேன். அந்தத் தாள் ஒரு சுவரில் இருக்கும், அந்தச் சுவர் ஒரு தெருவில் இருக்கும், அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்கு நான்கு திக்கும் நான்கு விதமான இடம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. என் வீட்டுத் தாழ்வாரத்தில் தெற்கு என்பது தென்றல் வருகிற பக்கம், அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபோது அந்தக் கிழிந்த நோட்டீஸ் கண்ணில் பட்டது. துண்டு பறந்துகொண்டிருந்தது. உடனே எனக்குள் வேறொன்று எழுந்தது. அது வெட்கம் இல்லை.

"மொதலாளி, போன மாசம் அதே வீதில சர்க்கஸ் நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சா?"

"ஒட்டியிருந்தான்."

"அதுல ஆனை எந்தப் பக்கம் பாத்து நிக்கி?"

அவர் யோசித்தார். "கெழக்குச் சுவத்துலயா? தெக்கதான் பாத்து நிக்கி."

"அத யாராவது எமன் வீட்டு ஆனைன்னு சொன்னாவளா?"

"இல்ல."

"ஏன் சொல்லல? அது நிக்கி. நிக்கதுக்குத் தெக்கும் இல்ல, வடக்கும் இல்ல. இது ஓடுது. ஓடலேன்னா தெக்கதான் போகுதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அந்தக் கரிக்கட்டக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அச்சு இழுத்துக்கொண்டிருந்த ஆள் கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் எழுத்துப் பெட்டியில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். முதலாளி நோட்டீஸைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பிறகு என்னைப் பார்த்தார்.

"வாய் இருக்கும்மா ஒனக்கு. சரி, இப்ப என்ன செய்யணும்ங்க?"

"இடப்பக்கம் ஓடுத மாதிரி இன்னொரு கட்ட செதுக்கித் தாரேன். கெழக்குச் சுவத்துக்கு அது, மேக்குச் சுவத்துக்கு இது. ரெண்டு பக்கமும் மோட்டாரு வடக்கதான் ஓடும். அரசமரத்துக்குத்தான் ஓடும். வழி கேக்கவனுக்கு வழியும் தெரியும்."

"ஒட்டுத பய மாத்தி ஒட்டினான்னா?"

"நான் ஒட்டுதேன்."

அண்ணாச்சி பதறிவிட்டார். "பொம்பளப் பிள்ள பசச் சட்டியத் தூக்கிட்டு ரத வீதில போறதா? சும்மா இரி, தங்கச்சி."

"சும்மா இருக்கதுக்கு மெட்ராஸ் மோட்டாரு இருக்குல்லா, அண்ணாச்சி."

முதலாளி சிரித்துவிட்டார். அவர் சிரித்ததால் அண்ணாச்சியும் இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலை வண்டி புறப்படுகிறவரைக்கும் கடுதாசி மேஜையிலேயே இருக்கும். அன்றைக்கும் மோட்டார் காலியாகப் போனால் மெட்ராஸ் கட்டைதான். அதற்குப் பிறகு அவரிடம் நான் ஒன்றும் கேட்கக்கூடாது. சரி என்றேன்.

இடம் வலத்தைத் திருப்பிப் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வரைந்து பார்த்ததும் திடுக்கிட்டேன். வேகமெல்லாம் வடிந்துபோயிருந்தது. வண்டி மேட்டில் ஏறவில்லை. பின்பக்கமாகப் பள்ளத்தில் உருண்டுகொண்டிருந்தது. ஒரு கோடுகூட மாற்றவில்லை, எப்படி? ஒரு பகல் முழுக்கத் தாழ்வாரத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கிடந்தேன். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். படித்துப் படித்து நம் கண்ணுக்கு அதுவே நடையாகிவிட்டது. முதல் படத்தில் கண்ணும் வண்டியும் ஒரே பக்கமாகப் போயின. கண்ணே வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டது. இதில் கண் வலப்பக்கம் போகிறது, வண்டி எதிரே வருகிறது. இடது உச்சியில் தொடங்குகிற கண்ணுக்கு அந்த மேடு பள்ளம்.

விட்டுவிடலாமா என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். பிறகு, எதிர்த்துத்தான் ஓட வேண்டும் என்றால் எதிர்த்தே ஓடட்டும் என்று உளியை எடுத்தேன். ரோட்டைச் சமதரையாக்கினேன். மேடு வேண்டாம், கண்ணே இதற்கு மேடு. வண்டியின் கூண்டை முன்னால் குனிய வைத்தேன், தலையில் சுமை வைத்தவள் காற்றில் குனிவதைப் போல. பனைகளை நிமிர விடாமல் பின்னால் சாய்த்தேன். புழுதியை இரண்டு பங்காக்கினேன். துண்டோடு நிறுத்தாமல் ஒருவனுடைய தலைப்பாகையையே அவிழ்த்து விட்டேன். அது நீள நீளமாக வலப்பக்கம் பறந்தது. பெரிய எழுத்தை வண்டிக்கு மேலே வைக்காமல் கீழே, ரோட்டுக்கு அடியில், நேராகக் கிடத்தினேன். புரூப் வந்தபோது வீட்டுக்காரர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நான்கு அடி பின்னால் போய்ப் பார்த்தார்.

"ஏளா, முந்தினது போகுது. இது வருது."

அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். நான் அதை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரத வீதியில் இறங்கினேன். அரிசிமாவுப் பசை ஒரு சட்டியில், தேங்காய்நார்ப் பிரஷ், இடுப்பில் நோட்டீஸ் சுருள். வீட்டுக்காரர் முதலில் பத்தடி பின்னால், யாரோ போல வந்தார். ஜவுளிக்கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. கிழக்குச் சுவரில் தெற்கே ஓடினவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே புதுசை ஒட்டினேன்.

"ஏலே, இங்கன பாருலே. வேதக்காரம்மா சுவத்துக்கு வெள்ளையடிக்கா," என்றான் ஒரு கடைப் பையன்.

"வெள்ளையா அது? எமன் வண்டிய மறைக்காலே."

ஒரு கடைக்காரர் வாசல் தெளித்த செம்போடு வந்து நின்றார். "என்ன தாயி, எமன் வண்டி திரும்பிட்டோ?"

"திரும்பிட்டு, அண்ணாச்சி. இனி நீங்க பயப்படாம ஏறலாம்."

"நான் எதுக்கு ஏறணும்? எனக்கு ஒரு சோலியும் இல்ல."

"அப்ப வழிய விட்டு நில்லுங்க. மோட்டாரு வருதுல்லா."

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே ஓர் அடி நகர்ந்தார். அதன் பிறகு வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, நான் பசை தடவிய தாளின் மூலைகளை உள்ளங்கையால் நீவத் தொடங்கினார். இரண்டு பேருமாகக் கடைசிச் சுவர் வரைக்கும் போனோம்.

வெயில் ஏறியதும் கிராமத்து ஆட்கள் சிலர் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும், பெண்டாட்டியின் தமக்கையும், மூட்டைகளும். "மோட்டாரு எங்கன நிக்கி?" என்று அந்தத் தமக்கை செம்புக்காரரைக் கேட்டாள். அவர் வாயில் வெற்றிலை. சுவரைப் பார்த்து மோவாயைத் தூக்கினார். அவர்கள் நோட்டீஸைப் பார்த்தார்கள். பறக்கிற தலைப்பாகையைப் பார்த்து அந்தப் பெண்டாட்டி தன் புருஷனின் தலைப்பாகையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு வண்டி ஓடுகிற பக்கமாக, வடக்கே, நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் நடந்தார்கள். நான் பசைச் சட்டியோடு அரசமரம் வரைக்கும் போய் எட்டி நின்று பார்த்தேன். முதலாளி அன்றைக்கு டிரைவர் பக்கத்தில் உட்கார இடமில்லாமல் படியில் தொற்றிக்கொண்டு போனார்.

அண்ணாச்சி கடுதாசியைக் கிழிக்கவில்லை. அவர் எதையும் கிழிக்கிற மனிதர் இல்லை. அதன் பின்பக்கத்தில் வீட்டுக்காரருக்கு அடுத்த வேலையைக் குறித்துக் கொடுத்தார்: சேரன்மகாதேவியில் ஒட்ட நோட்டீஸ், படம் வீட்டிலிருந்து.

"அங்கன தெரு எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"கெழக்கு மேக்கா."

"நேர்ல பாக்கணும்."

பார்க்கப் போனேன், அந்த மோட்டாரிலேயே, கூலி கொடுக்காமல். இரண்டு கட்டையிலும் அச்சடித்த சுருள்கள் மடியில் இருந்தன. வயல்கள் பச்சைக் கோடுகளாக இழுபட்டுப் போயின. ஆறு ஒரு தடவை வெள்ளிக் கீற்றாகத் தெரிந்து மறைந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த நாங்களோ ராஜாவும் ராணியும் போல அசையாமல் இருந்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே கையை நீட்டி வைத்துக்கொண்டேன்.

சேரன்மகாதேவியில் கடைத்தெரு நடுவில் நின்று வெயிலைப் பார்த்துத் திக்கை நிதானித்தேன். டவுண் கிழக்கே. ஒரு பலசரக்குக் கடை வாசலுக்குக் கிழக்கே இருந்த சுவரில் பசை தடவி, கிழக்கே ஓடுகிற நோட்டீஸை எடுத்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

"ஏம்மா, ஏம்மா! அங்கன பாத்து ஓடினா ஏங் கடைய விட்டுல்லா வெளிய ஓடுது? சனம் பூராவும் அது பின்னாலயே போயிருமே. இந்தப் பக்கமா, உள்ள வார மாதிரி ஒண்ணு வச்சிருக்கியாமே? டவுண்ல சொன்னாவ. அத ஒட்டு."

ஒரு மாசத்துக்கு முன்னால் தாளில் இருப்பது நிற்கும் என்றார்கள். இப்போது அது தன் பக்கமாக ஓட வேண்டும் என்கிறார்கள்.

"டவுணு கெழக்கதான் இருக்கு," என்றேன்.

"இருக்கட்டுமே! ஏங் கட மேக்கல்லா இருக்கு?"

"அப்ப கடையத் தூக்கிக் கெழக்க வையுங்க, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தாளைச் சுவரில் அறைந்து ஒட்டினேன்.